தேய்ந்த சிந்தெடிக் டிராக்: மேல்பூச்சு போதுமா, தார் வரை பெயர்க்கணுமா?

கொழிஞ்சாம்பாறை_மைதானம்:
பாலக்காடு மாவட்டம், எங்க பக்கத்துப் பொது ஸ்டேடியத்தில் 400 மீட்டர், 8 லேன் சிந்தெடிக் டிராக். போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. சாண்ட்விச் வகை: கீழே கறுப்பு எஸ்பிஆர் ரப்பர் குருணை அடுக்கு, மேலே பியூ (பாலியூரித்தேன்) ஊற்றிச் சிவப்பு ஈபிடிஎம் (நிறமுள்ள செயற்கை ரப்பர்) குருணை தூவியது. முதல் இரண்டு லேனில் சிவப்பு போய்க் கறுப்பு தெரியுது. 100 மீட்டர் ஸ்டார்ட் பக்கம் கொப்புளம். இரண்டாவது வளைவில் மழை விட்டு மறுநாளும் தண்ணி நிக்குது. ஒரு ஒப்பந்தக்காரர் மேலே ஸ்ப்ரே அடிச்சாப் போதும்னு சொல்றார். இன்னொருவர் தார் வரை பெயர்க்கணும்னு சொல்றார். ரெண்டு மதிப்பீட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஸ்போர்ட்ஸ் கவுன்சிலுக்கு எழுதறதுக்கு முன்னாடி நாங்களே எதைப் பார்த்து முடிவு பண்ணலாம்?

தார்_அடுக்கு:
மேல்பூச்சா பெயர்ப்பான்னு கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க. நீங்க சொன்ன மூணு குறையும் மூணு தனி வியாதி.

சிவப்பு தேய்ஞ்சது வெறும் வயசு. லேன் 1-லதான் எல்லாரும் நடக்கறாங்க, ஓடறாங்க. இதுக்கு மேல்பூச்சு சரியான வைத்தியம்.

கொப்புளத்தைக் கத்தியால் 10 செ.மீ. சதுரமா வெட்டித் தூக்கிப் பாருங்க. அடியில் தார் ஈரமா இருந்தா, நீராவி கீழிருந்து வருது. மேலே எத்தனை பூச்சு போட்டாலும் அடுத்த கோடையில் திரும்ப உப்பும். தார் காய்ஞ்சு, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் பிரிஞ்சிருந்தா, அது போட்டப்போ ஒட்டாத கோளாறு. அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினாப் போதும். வெட்டின கறுப்புத் துண்டைக் கட்டைவிரலால் தேய்ங்க. குருணை உதிர்ந்தா பைண்டர் (குருணையைப் பிடிச்சு வைக்கும் பசை) செத்துப் போச்சு, அதுக்கு மேல் எதையும் போடக் கூடாது. லேன் 1, 4, 8-ல் நேர்ப்பகுதியிலும் வளைவிலுமா குறைஞ்சது பத்து இடத்தில் வெட்டுங்க. ஒரு இடத்தைப் பார்த்து முடிவு கட்டினா ஏமாறுவீங்க.

தேங்கும் வளைவுக்கு 4 மீட்டர் நேர்கோல் வைங்க. உலக அத்லெடிக்ஸ் விதிப்படி அதுக்குக் கீழே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி வரக் கூடாது. 1 மீட்டர் கோலுக்கு 3 மி.மீ. அப்புறம் டேங்கர் தண்ணி விட்டு 20 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. நிக்கற தண்ணி மேற்பரப்புச் சொரசொரப்பை மூடினா தார் அமுங்கியிருக்கு. அதுக்கு முன்னாடி உள்விளிம்பு வடிகாலையும் பாருங்க. மண் அடைச்சாலும் இதே அறிகுறிதான். மூடியைத் தூக்கி மண்வெட்டி போட்டால் சரியாகிற வேலைக்குப் பெரிய டெண்டர் விட்ட இடங்கள் உண்டு.

ரப்பர்வேலை_99:
மேலே சொன்னது சரி. ஸ்ப்ரே பத்தி ஒண்ணு சேர்க்கறேன். ஸ்ப்ரே அடிப்பு, தண்ணி ஊடுருவிப் போகும் டிராக்குக்கானது. உங்க சாண்ட்விச் மேல் அடிச்சா நிறம் வரும், ஆனா லேன் 1-ல் சீக்கிரம் போயிடும். இதுக்குத் தேய்ஞ்ச மேலடுக்கை மெஷினால் சீவி, பிரைமர் கொடுத்து, பியூ ஊற்றி, 1–3 மி.மீ. ஈபிடிஎம் தூவி, காய்ஞ்சதும் ஒட்டாததைக் கூட்டி எடுக்கணும். சதுர மீட்டருக்கு பியூ சுமார் 2.5 கிலோ, குருணை தூவறது சுமார் 3 கிலோ. 8 லேன் ஓவல் மட்டும் 4,185 ச.மீ. வரும், அதனால பியூ பத்தரை டன். நீளம் தாண்டும் ஓடுபாதை, உயரம் தாண்டும் 'டி' வடிவப் பகுதி எல்லாம் தனி. இதைவிடக் குறைவா எழுதின மதிப்பீட்டில் ஏதோ விடுபட்டிருக்கு.

முழுசாப் பெயர்த்தால், எஸ்பிஆர் 10 மி.மீ.க்கு ச.மீ.க்கு 6.5 கிலோ, பைண்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கு. பெயர்க்கும்போது நல்லா ஒட்டியிருந்த இடத்தில் தாரும் பிய்ஞ்சு வரும். குழியை நிரப்பித் திரும்ப ஒரு தார் அடுக்கு போடும் செலவை இப்பவே சேர்த்து வைங்க. புதுத் தார் குறைஞ்சது 14 நாள், முடிஞ்சா 28 நாள் காயணும். எண்ணெய்ப்பசை போகாமல் பியூ போட்டால் ஒட்டாது. பெயர்த்த ரப்பர் ஐம்பது டன்னை ஒட்டி வரும். அதை எங்கே கொண்டு போறதுன்னு ஒப்பந்தத்தில் எழுதலேன்னா மைதானத்து மூலையிலேயே கிடக்கும், இல்லேன்னா யாராவது கொளுத்துவாங்க.

கொழிஞ்சாம்பாறை_மைதானம்:
ரொம்ப நன்றிங்க. டிசம்பர்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். அந்த மாசம் சரிதானுங்களா?

ரப்பர்வேலை_99:
மழை பயத்துக்கு நல்ல மாசம். ஆனா பாலக்காட்டுக் கணவாயில் அப்போ கிழக்குக் காற்று வறண்டு அடிக்கும். கறுப்பு ரப்பரை ஒட்டும் ஒரு கூறு பைண்டர் காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும். ஈரப்பதம் குறைஞ்சா மறுநாள் காலையிலும் பிசுபிசுன்னு இருக்கும். விரிச்ச ரப்பர் மேல் லேசாத் தண்ணி தூவலாம், ஓடுற அளவுக்கு வேண்டாம். ரெண்டு திரவம் கலந்து ஊற்றும் இரு கூறு பியூவுக்கு நேர்மாறு: ஊற்றும்போது ஈரம் பட்டா வாயு கிளம்பிக் குமிழ் விடும். பனி உலராத காலையில் அதை ஊற்றாதீங்க. தூசியும் காற்றோடு வரும், கிழக்குப் பக்கம் நெட்டுக்கு மறைப்பு கட்டுங்க. மார்ச், ஏப்ரல் வெயிலுக்குத் தள்ளினால் கலந்த பியூ வாளியிலேயே கட்டியாகும்.

அளவு_சங்கிலி:
கோடு போடுறதை யாரும் சொல்லலையே. பழைய கோட்டைப் பார்த்துப் புதுசு போடாதீங்க. உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்து 400 மீட்டர் வரணும். குறையவே கூடாது, 4 செ.மீ. வரை கூடலாம். மத்த லேன்களில் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. லேன் அகலம் 1.22 மீட்டர், வளைவு ஆரம் 36.50, நேர்ப்பகுதி 84.39 இருக்கும் டிராக்குன்னா, 400 மீட்டருக்கு லேன் 2-ன் முன்னகர்வு (லேன் 1-ஐ விட ஸ்டார்ட் கோடு முன்னால் தள்ளும் தூரம்) 7.04 மீட்டர், லேன் 8-க்கு 53.03. சர்வேயர் இந்த ரெண்டையும் சொல்லிட்டா மிச்சத்தை நம்பலாம்.

ஈட்டி எறியும் ஓடுபாதையின் கடைசி 8 மீட்டரும், மும்முறைத் தாண்டலின் கடைசி 13 மீட்டரும் தடிமனா வரணும். டெண்டர் விவரத்தில் அதைத் தனி வரியா எழுதுங்க, இல்லேன்னா எல்லா இடமும் ஒரே 13 மி.மீ.ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. தடிமனை ஊசி கேஜ் வெச்சு நீங்களே குத்திப் பார்த்த பிறகுதான் கோட்டுக்குப் பெயிண்ட். ஈபிடிஎம் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு மூட்டையை சீல் வெச்சு எடுத்து வைங்க. பின்னாடி ஒட்டுப்போட நிறம் பொருந்தறது அதுலதான்.