கலைச்சொல்: ‘கிரீன்வே’க்கு என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் தேவை)

சு., உதகை:
நண்பர்களே, ஓடைக்கரைச் சீரமைப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்கு நாலு முறை ‘கிரீன்வே’ வருகிறது. அதன் பொருள்: வெள்ளத்துக்கு இடம் விடுவது, ஓடையோர உயிர்களைக் காப்பது, ஊரார் நடக்கவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் தருவது, மூன்றும் ஒரே நிலத்தில். கையேட்டில் சிங்கப்பூரின் பிஷான் பூங்காவை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்கள்: 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் திறந்தது. ‘பசுமை வழித்தடம்’ போதுமா?

ந., கூடலூர்:
வேண்டவே வேண்டாம். ‘பசுமைவழி’ என்றால் சேலம் எட்டுவழிச் சாலைதான் நினைவுக்கு வரும். ‘வழித்தடம்’ அதைவிட மோசம். சீகூர் யானை வழித்தடத்தை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, மசினகுடிப் பக்கம் அந்தச் சொல் காதில் விழுந்தாலே நிலம் போய்விடுமோ என்று பட்டாவைத் தேடுவார்கள்.

இரா., குன்னூர்:
‘பசுவழி’ என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், அது மாட்டுப்பாதை. பைங்கூழ், பைந்தார் போல, நன்னூலின் ‘அடியகரம் ஐயாதல்’ விதிப்படி பசுமையைப் ‘பை’ ஆக்கி, ‘பைந்தடம்’ என்க. தடம் வழி மட்டுமன்று. குளமும் தடம், கரையும் தடம். நமக்கு வேண்டிய எல்லாம் ஒரே சொல்லில் கிடக்கின்றன. கரை என்ற பொருள் வடமொழி வரவு என்பார் வருவர். ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ எனும் தொல்காப்பிய உரியியல் நூற்பாவை அவர்கள் முதலில் படிக்கட்டும்.

செ., குன்னூர்:
ஐயா, பைந்தடம் ஒப்பந்தக்காரர் காதில் ‘ஐந்தடம்’ என்று விழும். அஞ்சு அடி அகலத்தில் நடைபாதை போட்டுப் பில் வைத்துவிடுவார். இதில் பாதை கடைசி வேலை. நடுவில் கோடைநீர் ஓடக் குறுகலான வாய்க்கால். இருபுறமும் தாழ்ந்த படித்தளம்; மழைக்காலத்தில் மூழ்கவேண்டும், மூழ்குவதற்குத்தான் அது. அதற்கு மேல் சரிவு, மூன்று அடி கிடைக்கு ஒரு அடிக்கு மேல் எழும்பக்கூடாது. செங்குத்தாக வெட்டினால் புல் பிடிக்குமுன் கரை சரியும். பாதை மேல்விளிம்பில். மண்கொட்டி உயர்த்திப் பாதையைப் படித்தளத்திலேயே போட்டால் வெள்ளத்துக்கு விட்ட இடத்தை நாமே அடைத்தவர்கள் ஆவோம். நடைபாலம் தாழ்ந்திருந்தால் கிளையும் பிளாஸ்டிக்கும் சிக்கி அதுவே அணையாகிவிடும். குழாய்ப்பாலமும் அப்படித்தான். இதற்கெல்லாம் முன்னால் சாக்கடையைப் பிரிக்கவேண்டும். கோடப்பமந்து கால்வாய் உதகை ஏரிக்குக் கொண்டுபோவது என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.
நீரைத் தாங்கி மெல்ல விடுவது என்பதால் ‘ஓடைத்தாங்கல்’. வேடந்தாங்கலில் உள்ள அதே தாங்கல்.

ந., கூடலூர்:
மலையில் தாங்கல் என்றால் மனத்தாங்கல்தான்.

க., கோத்தகிரி:
என் மறுப்பு ‘பசுமை’க்கே. அந்தச் சொல்லைப் பார்த்ததும் மரம் நடுவார்கள். நீலகிரியில் புல்வெளியையும் சதுப்பையும் வெறும் நிலம் என்று நினைத்துச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) நட்டதன் பலன் கண்முன் நிற்கிறது. சதுப்பின் கரிமண் பஞ்சு மாதிரி. வடிகால் வெட்டினால் காய்ந்து சுருங்கும், பிறகு மழையைப் பிடிக்காது. பச்சையாக இருக்கிறதே என்று கிக்குயு என்ற அயல்புல்லை விட்டால் கோரையை மூடிவிடும். ‘பூங்கா’வும் ஆகாது, உடனே நீரூற்று கேட்பார்கள். நீரைக் குறிக்கும் சொல் முன்னால் வரட்டும்.

இரா., குன்னூர்:
அப்படியானால் ‘கான்யாறு’? ஆனால் அது முல்லைக்கு உரிய நீர். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும். மலையூரான எல்லநள்ளியில் நின்று முல்லை பேசுவது திணைமயக்கம்.

க., கோத்தகிரி:
கொங்கில் ஓடையைப் பள்ளம் என்கிறோம், கோவையில் சங்கனூர்ப் பள்ளம். கன்னடத்தில் ஹள்ள. பால் ஹாலு ஆனது போல. ‘பள்ளவெளி’ என்றால் மலையிலும் கீழேயும் புரியும்.

ந., கூடலூர்:
படுகர் தம் ஊரைச் சொல்லும் ஹட்டி நம் பட்டிதானே, அதுவும் இந்தக் கணக்கா?

இரா., குன்னூர்:
ஆம். பள்ளி ஹள்ளியானதும் அதுவே. பகர ஹகரத் திரிபைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செ., குன்னூர்:
பள்ளவெளி என்று பலகை வைத்தால், பள்ளத்தை நிரப்ப லாரி மண்ணோடு வந்து நிற்பார்கள்.

சு., உதகை:
வியாழன் இரவு. ‘ஓடைப் பசுந்தடம்’ என்று போடுகிறேன்: நீர் முன்னால், தடம் இரா. ஐயாவுடையது. மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் ‘எதையாவது போடுங்கள்’ என்றார். க. அம்மாவுக்காக முதல் பக்கத்திலேயே ‘பசுமை என்பது இங்கு மரம் நடுதல் அன்று’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

க., கோத்தகிரி:
விளக்கம் தேவைப்படும் சொல் தோற்ற சொல். என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும்.

செ., குன்னூர்:
குறுக்குவெட்டு வரைபடங்கள் ஆறிலும் ‘தாங்கல்’ என்றே எழுதி அனுப்பியாயிற்று. இனி மாற்றமாட்டேன்.