பெரியவர்கள் ஆன பிறகு நம்மை யார் தட்டிக்கொடுப்பார்கள்?

ஐந்தாம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. வீட்டில் மாமியார், கணவர், பள்ளிக்கூடம் போகும் பையன். கேட்கப்போவது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், சிரித்தாலும் பரவாயில்லை.

பையன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்தால் வீடே கைதட்டுகிறது. நான் மூன்று பேர் பார்க்க வேண்டிய கணக்கை மாதக் கடைசியில் தனியாக உட்கார்ந்து பைசா பிசகாமல் நேர் செய்து கொடுத்தால், முதலாளி அடுத்த ஃபைலை என் பக்கம் தள்ளுகிறார். தப்பு வந்தால் மட்டும்தான் அவருக்கு என் பெயர் ஞாபகம் வரும். வீட்டிலும் அதே கதைதான், குழம்பு நன்றாக இருந்தால் சட்டி காலியாகும், உப்புக் கூடினால்தான் பேச்சே வரும்.

கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இல்லை என்ற கணக்கில் நாள் ஓடுகிறது. அது ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு, தொட்டி நிரப்பி, பையன் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இதைச் சொல்லி அழுவதற்கு வரவில்லை, ஊரில் எல்லோருக்கும் இதுதான். ஆனால் பெரிதாக எதுவும் நடக்காத இந்த நாட்களை நீங்கள் எல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு கடக்கிறீர்கள்? தியானம் செய், காலையில் நட என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு நேரம் கிடைத்தால் நான் தூங்கிவிடுவேன். உங்களுக்கு நிஜமாகவே கைகொடுத்தது எதுவோ அதைச் சொல்லுங்கள்.

மோல்மேன் அக்கா

தங்கச்சி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு அறுபது ஆகிறது, எனக்கும் யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அன்றைக்குப் பூராவும் கால் வலி தெரியாது.

எனக்குக் கைகொடுப்பது டீக்கடை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே கடையாக, முடிந்தால் ஒரே முக்காலியாக இருக்கட்டும். நம் ஊர் டீக்கடையில் டீயைப் பெயர் சொல்லித்தானே கேட்க வேண்டும். இனிப்பும் பாலும் தூக்கலாக இருந்தால் ச்சோசெயின், சர்க்கரை குறைத்து டிகாக்‌ஷன் தூக்கலாக இருந்தால் போச்சா, இன்னும் எத்தனையோ. நான் போகிற கடையில் கொஞ்ச நாள் போச்சா போச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்ததும் பையன் ஒன்றும் கேட்காமல் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான், வாயில் வைத்தால் அதே பதம். முறுக்கிக்கொண்டு திரிகிற பதினைந்து வயதுப் பயல், முகத்தில் சிரிப்பே வராது, ஆனால் இந்தக் கூட்டத்தில் என் டீயை ஞாபகம் வைத்திருக்கிறான். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. கையில் காசு இருக்கிற நாளில் அடுப்பிலிருந்து எடுத்த நான்பியா ரொட்டியும், எண்ணெயும் வறுத்த வெங்காயமும் போட்ட அவித்த பட்டாணியும். இல்லாத நாளில் மேசை மேல் இருக்கிற ஃபிளாஸ்க்கில் பச்சைத் தேநீர் இருக்கவே இருக்கிறது, எத்தனை கப் குடித்தாலும் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

அப்புறம், அந்தப் பதினைந்து நிமிஷம் போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

தெருமுனை

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கேட்டது என்ன, நீங்கள் சொல்வது என்ன? மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிறார், அதற்கு மருந்து ஒரு கப் டீயா? இப்படிச் சின்னச் சின்ன சந்தோஷம் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். பாராட்டு வேண்டும் என்று நினைப்பது சிறுபிள்ளைத்தனம் இல்லை. அந்தப் பாராட்டு சம்பளக் கவரில் வர வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாம்மாடி அக்கா, முதலில் உட்கார்ந்து உங்கள் வேலையை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கணக்கு, யார் விட்டுப்போன வேலை, எப்போதிலிருந்து உங்கள் தலையில் விழுந்தது, எல்லாம். அதை முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். கொடுப்பாரா தெரியாது. ஆனால் எழுதிப் பார்க்கும்போது நாம் என்னென்ன செய்கிறோம் என்று நமக்காவது தெரியும்.

என் கதை வேறு. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்பிவிட்டார்கள். சந்தோஷம் பற்றிப் பாடம் நடத்த நான் யார்.

சரி, ஒன்று சொல்கிறேன். சாயங்காலம் தெருவில் சின்லோன் ஆடுகிறோம். ஆறு பேர் வட்டமாக நின்று அந்தப் பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்ட வேண்டும், நடுவில் ஒருவன் வித்தை காட்டுவான், மற்ற ஐந்து பேரும் பந்தை அவனுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கமான ஆட்டத்தில் எதிர் அணி கிடையாது, புள்ளி கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் வருகிற பந்தைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்காலால் தட்டி மேலே எழுப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், உடனே சுற்றி நிற்கிறவன், சைக்கிளில் போகிறவன், மாடியில் துணி காயப்போடுகிறவர் எல்லோரும் ‘ஆ’ என்பார்கள். யார் என்ன வேலை பார்க்கிறான் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நாள் முழுக்க ஒரு நல்ல வார்த்தை கேட்காத எனக்கு அந்த ‘ஆ’ போதுமானதாக இருக்கிறது. டீயை நக்கல் அடித்துவிட்டுப் பந்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன், அக்கா மன்னிக்கவும்.

நைட் டூட்டி

நர்ஸ் வேலை. தெருமுனை தம்பி சொல்வதும் சரிதான், அக்கா சொல்வதும் சரிதான், இரண்டையும் மோதவிட வேண்டாம். சம்பளம் கேட்பதற்கும் தெம்பு வேண்டுமே, அது எங்கிருந்தாவது வர வேண்டும்.

படிப்புக்காக இது சம்பந்தமான சில ஆய்வுகளைப் பார்த்தேன், உபயோகமாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். 2003-இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒரு குழுவை வாரம் ஒருமுறை அந்த வாரத்தில் கிடைத்த நல்லவற்றை எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவைத் தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்து, நல்லதை எழுதியவர்களுக்கு வாழ்க்கை பற்றிய எண்ணம் மேலாக இருந்தது. இதைக் கேட்டதும் தினமும் டைரி எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். வேறொரு ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அதுவும் ஒரு வீட்டுப்பாடம் ஆகிவிட்டால் அலுத்துப்போகும் போலிருக்கிறது.

எனக்குப் பிடித்தது 2018-இல் குமார், எப்லி இருவரும் செய்தது. நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார், எவ்வளவு கூச்சப்படுவார் என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள். பிறகு வாங்கியவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்கள் அதிகம் சந்தோஷப்பட்டிருந்தார்கள், நினைத்த அளவு கூச்சப்படவே இல்லை. ஆக, உங்கள் முதலாளி மனதுக்குள் உங்களை மெச்சிக்கொண்டு, சொன்னால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாமும் அப்படித்தானே இருக்கிறோம். எங்கள் வார்டில் இரவு தரை துடைக்கும் அம்மாவிடம் “நீங்கள் டூட்டியில் இருந்தால் எனக்குப் பயமில்லை” என்றேன், நிஜமாகவே அப்படித்தான். அதிலிருந்து எங்கள் பேச்சே மாறிவிட்டது. பொதுவாக நன்றி நன்றி என்றால் காதில் ஏறாது, இன்ன வேலையை இப்படிச் செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

ஐந்தாம்மாடி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தெருமுனை தம்பி, நீங்கள் சொன்னபடி எழுதினேன், தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். படித்துவிட்டு, “தீஞ்சான் கழியட்டும், பார்ப்போம்” என்றார். தீஞ்சான் என்றால் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, எந்த வருஷத்துத் தீஞ்சான் என்று அவர் சொல்லவில்லை.

நர்ஸ் சகோதரி எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, ஐந்து மாடியும் ஏற வேண்டும். அதனால் இங்கே எல்லா வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், முனையில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பரோ பில்லோ கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், நாம் மேலே இழுத்துக்கொள்வோம். போன சித்திரைக்கு முன்னால் முதல் மழை பெய்த மறுநாள் காலை மணி அடித்தது, பட்டாணிக்காரி என்று நினைத்து இழுத்தால் கிளிப்பில் ஒரு கொத்து பிதௌக் பூ. நம் வேங்கை மரத்துக்குச் சொந்தக்கார மரம்தானே, மழை விழுந்ததும் மொத்தமாகப் பொன்னிறத்தில் பூத்து மறுநாளே கொட்டிவிடும். கீழ்வீட்டு பர்மிய அம்மா மாட்டியிருக்கிறார், தண்ணீர்க்குடம் தூக்க நான் ஒருநாள் கைகொடுத்ததற்காக. அன்று கடைக்கு அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போதுதான் உறைக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பென்ஷன் தாத்தா

அம்மா, ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு சர்க்கிள் ரயிலில் ஏறு. எங்கேயும் போக வேண்டாம், சுமார் 46 கிலோமீட்டர் ஊரைச் சுற்றி, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து விடும், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். செலவும் கொஞ்சம்தான். இன்செயின் தாண்டி தன்யின்கோன் நிலையத்தில் பார், தண்டவாளத்தை ஒட்டியே காய்கறிச் சந்தை. ரயில் நின்றதும் வள்ளைக்கீரைக் கட்டுகளை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார்கள், ஈரம் நம் மடியில் சொட்டும். நான் போனால் கட்டு வாங்கிப் போடுவதுதான் என் வேலை. மனைவி போன பிறகு பேச ஆளில்லாமல் ஏற ஆரம்பித்தேன். இப்போது கீரைக்காரிகள் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள், நான் வராத வாரம் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். நேரம் அடிக்கடி மாறுகிறது, நிலையத்தில் கேட்டுக்கொண்டு ஏறு.

தெருமுனை

தாத்தா, நானும் வரலாமா? கட்டு தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மோல்மேன் அக்கா

தம்பி, நீ அடுத்த முறை எங்கள் ஊர் மோல்மேன் வந்தால் நக்கலுக்கு அபராதம், டீ உன் கணக்கு.

ஐந்தாம்மாடித் தங்கச்சி, தீஞ்சானும் நம் சித்திரைப் பிறப்பும் சேர்ந்துதான் வருகிறது, கொழுக்கட்டைக்குப் பதில் இந்த முறை மொன்லோன்யேபோ செய்யுங்கள். அரிசிமாவு உருண்டைக்குள் பனைவெல்லத் துண்டு வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும், மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம், எடுத்துத் தேங்காய்த்துருவல் தூவ வேண்டியதுதான். பையனையும் மாமியாரையும் உருட்டச் சொல்லுங்கள், நீங்கள் மட்டும் செய்ய வேண்டாம். ஒன்றிரண்டு உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாய் வைப்பது இங்கே வழக்கம், தெரியும்தானே? முதலாளிக்கும் ஒரு தட்டு கொண்டுபோங்கள். அதில் எத்தனை மிளகாய் என்பது உங்கள் இஷ்டம்.