ஐந்தாம் வகுப்பு கடைசிப் பருவம்: எதற்கு அதிக நேரம் கொடுப்பது?

புத்தகப்பை:
என் மகள் ஐந்தாம் வகுப்பு. கடைசிப் பருவத்தில் என்னென்ன நடத்தப் போகிறார்கள் என்று வகுப்பாசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார். கணக்கில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது, நேரக் கணக்கு, பரப்பளவு. அறிவியலில் விதை முளைப்பது, நிலவின் பிறைகள், சூரியக் குடும்பம். தமிழில் கடிதம். கையில் இருப்பது பத்து வாரம். மாலையில் ஒரு மணி நேரம்தான் அவளோடு உட்கார முடியும். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போவதா, ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்வதா?

நேற்று 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். சட்டென்று 2/5 என்றாள். தப்பு என்று சொல்லிவிட்டேன். ஏன் தப்பு என்று கேட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

சுண்ணக்கட்டி:
பத்தொன்பது வருஷமாகத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் பட்டியலில் பின்னத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுநிலை வகுப்புக்குப் போய் விகிதம், சதவீதம், இயற்கணிதத்தில் திணறும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசினால், பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும்.

மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். "பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணை, சமப்படுத்து" என்று விதியைச் சொல்லாதீர்கள். 24 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றை இரண்டாக மடித்தால் அரை, 12 செ.மீ. இன்னொன்றை மூன்றாக மடித்தால் 8 செ.மீ. இரண்டையும் ஒட்டி வைத்தால் 20 செ.மீ. முழுப் பட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, 2/5 எப்படி வரும்? 2/5 என்றால் பத்து செ.மீ. கூட இல்லை, அரையைவிடக் குறைவு! இதை அவளே கண்ணால் பார்க்க வேண்டும். மிச்சம் 4 செ.மீ., அது பட்டையில் ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் வைத்திருப்பது 5/6.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. அதிலும் பாதி மாகாணி, 1/16. மடித்துக்கொண்டே பெயர் சொல்லச் சொல்லுங்கள். பகுதி எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சிறிதாகும் என்பது கையில் நிற்கும்.

அறிவியலில் நிலவை மட்டும் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். ஒரு சுற்று முடிய 29½ நாள் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது. அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில், சூரியன் மறைந்ததும் மேற்கே பார்க்கட்டும். பௌர்ணமிக்குப் பிறகு நிலவு எழுவது தள்ளிப்போகும், அப்புறம் காலையில்தான் பார்க்க வசதி. தேதி போட்டு ஒரு வட்டம், அதில் பிறை. அது போதும். சூரியக் குடும்பத்தை ஒரே மாலையில் முடித்துவிடலாம்: எட்டுக் கோள்கள், அவற்றின் வரிசை, 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றியது.

மணிக்காட்டி:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. நேரக் கணக்கை விட்டுவிடாதீர்கள். 3 மணி 45 நிமிடத்தோடு 30 நிமிடம் சேர்த்தால் என் பையன் 3.75 என்று எழுதிக்கொண்டிருந்தான். புள்ளி வைத்து எழுதுவதை நிறுத்தி, முள் கடிகாரத்தில் முள்ளை நகர்த்தவைத்தேன். நிமிட முள் 12ஐத் தாண்டும்போது மணி மாறுவதைப் பார்த்ததும் 4 மணி 15 என்று அவனே சொன்னான். விதைக்கு: ராத்திரி ஊறவைத்த நாலு அவரை விதைகளை, கண்ணாடி டம்ளரின் ஓரத்தில் ஈரப் பஞ்சை அடைத்து நாலு திசையில் வையுங்கள். எப்படி வைத்தாலும் வேர் கீழே வளையும். அதையே கடிதமாக எழுதச் சொன்னால் தமிழ்ப் பாடமும் ஆச்சு.

புத்தகப்பை:
பட்டை வெட்டினோம். 20 செ.மீ. வந்ததும் பட்டையை இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, "அப்போ 2/5 ரொம்பச் சின்னது" என்றாள். மனசு நிறைந்துவிட்டது, டீச்சர். ஆனால் 1/4 + 1/5 போடப் போனால் 24ஐ ஐந்தாக மடிக்க வரவில்லை. அளந்தால் 4.8 வருகிறது. என்ன செய்வது?

சுண்ணக்கட்டி:
அங்கேதான் பாடம் இருக்கிறது! எந்த நீளத்தில் பட்டை வெட்டினால் நாலாகவும் ஐந்தாகவும் முழு செ.மீட்டரில் மடிக்கலாம் என்று அவளையே தேடவிடுங்கள். 10 வெட்டிப் பார்ப்பாள், 12, 15 எல்லாம் வெட்டிப் பார்ப்பாள், வெட்டட்டும். 20க்கு வந்து சேர்வாள். 5 செ.மீ., 4 செ.மீ., மொத்தம் 9, அதாவது 9/20. பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லும்போது, "நான் வெட்டின பட்டை" என்று அவளுக்குத் தெரியும்.