திருகோணமலையில் டொல்பின் வான் (எல்எச் 113, 3எல் டீசல்): வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

நிலாவெளி ஹயர்:

அண்ணாமாருக்கு வணக்கம். சுற்றுலாக்காரருக்கு ஹயர் ஓட ஒரு டொயோட்டா ஹயேஸ் டொல்பின் பார்த்திருக்கிறேன். எல்எச் 113, மனுவல் கியர், டுவல் ஏசி, 14 சீற். இஞ்சின் மொடல் 3எல் எண்டு விற்கிறவர் சொல்றார். ஓட்டம் பெரும்பாலும் நிலாவெளி, உப்புவெளி, டவுன். மாதத்தில் மூன்று நாலு முறை கண்டி, நுவரெலியா.

கவனித்தது இவ்வளவு: காலையில் முதல் ஸ்ராட்டில் பிடித்து, சில செக்கனில் நின்று, பிறகு கொஞ்சம் இழுத்துத்தான் திரும்பப் பிடிக்குது. அரை நிமிசம் வெள்ளைப் புகை. சூடானபின் புகை இல்லை. ஏசி போட்டு ஏற்றம் ஏறினால் ரெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுது. "எங்கட ஊர் வெக்கைக்குத் தெர்மோஸ்டற் தேவையில்லை, கழட்டியாச்சு" என்கிறார். பெயின்ற் புதுசு, நல்ல பளபளப்பு.

இஞ்சினில் என்னென்ன பார்க்க வேணும், எவ்வளவு செலவை எதிர்பார்க்கலாம்?

ஸ்பனர் 27:

தம்பி, இஞ்சினைப் பிறகு பாருங்கோ. முதலில் அடித்தட்டு.

டொல்பினுக்கு லொறி மாதிரித் தனிச் சஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாரம் முழுக்கப் பொடிதான் (வண்டியின் உடல்) சுமக்கிறது. ஆகவே அடியில் கறள் பிடித்தால் அது அழகுக் குறை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது என்று அர்த்தம். 3எல் இஞ்சினை எந்த நிலையிலிருந்தும் கட்டி எடுக்கலாம். பிஸ்ரன், ரிங், பெயரிங், கஸ்கெற் செற் எல்லாம் இன்னும் தாராளமாகக் கிடைக்குது. உப்புக் காற்றில் அரித்த பொடிக்கு அப்படி மருந்து இல்லை. கடற்கரையோரம் ஓடின வண்டியில் புதுப் பெயின்ற் இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கோ. கற்றலோய் (கறள் ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டி) தடிப்பாகப் பூசின இடத்தில் காந்தம் பிடிக்காது. முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரையின் தண்ணீர்த் தவாளி, முன் கதவு மிதிபடி, சிலைடிங் கதவின் கீழ்த் தண்டவாளம், பின் சில்லுக்கு மேலுள்ள வளைவு: இந்த ஐந்திலும் வைத்துப் பாருங்கோ. சிலைடிங் கதவு இழுக்கும்போது பாதியில் தூக்கி இறங்கினால் ரோலர் தேய்ந்திருக்கும், அல்லது தண்டவாளத்தின் அடி அரித்திருக்கும். ரோலர் மலிவு, தண்டவாளம் அப்படியில்லை.

பிறகு கீழே படுங்கோ. பின் இலைவில் முன்நுனி பொடியில் கொழுவும் பிரக்கற், முன் ரோஷன் பாரின் (ஸ்பிரிங்குக்குப் பதிலான முறுக்குக் கம்பி) பின்நுனி பிடிக்கும் குறுக்குச் சட்டம், பிரேக் பைப்புகள். பைப்பை விட்டு, மற்ற இரண்டையும் ஸ்குரூ ட்ரைவரால் ஓங்கிக் குத்தினால் திடமான சத்தம் வர வேணும். பொத்தென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ கைகுலுக்கிவிட்டு, வாங்காமல் திரும்பி வாங்கோ.

சனம் பார்க்காத இன்னொரு இடம் சீற் போல்ற். சாமான் ஏற்றும் வானாக இறங்கிப் பிறகு இங்கே சீற் பூட்டினவை நிறைய. தரையைத் துளைத்துத்தான் போல்ற் போட்டிருக்கும். துளைத்த விளிம்புக்குப் பெயின்ற் அடிக்காமல் விட்டால் அங்கிருந்துதான் கறள் தொடங்கும். ரபர் விரிப்பைக் கிளப்பி ஒவ்வொரு சீற் காலையும் ஆட்டுங்கோ. அடியில் அகலத் தகடு வைத்து இறுக்கியிருக்க வேணும். வெறும் வாஷர் மட்டும் என்றால் மோதலில் சீற்றோடு ஆள் முன்னுக்குப் போவார்.

பழைய இஞ்சின் ஒயிலை அடியில் பூசி வைத்தால் கறள் வராது என்பார்கள். ஒயில் ரபர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், மணலையும் பிடித்து வைக்கும். கடற்கரை மணலில் ஓடின அன்றே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுவதுதான் வைத்தியம். மாரிக்கு முன், அதாவது ஒக்ரோபருக்கு முன், நன்றாகக் காயவைத்து அண்டர்சீல் (அடித்தட்டுக்கான காப்புப் பூச்சு) அடிக்கலாம். ஈரத்துக்கு மேல் அடித்தால் கறளை உள்ளே வைத்து மூடினதாகப் போகும்.

டீசல் கணக்கு:

பொடி விஷயத்தில் ஸ்பனர் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் இஞ்சினுக்கு வாறேன்.

3எல் என்றால் 2779 சீசீ, நாலு சிலிண்டர், போரும் ஸ்ரோக்கும் 96 மில்லிமீற்றர். டேர்போ இல்லை. ஒரு கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), எட்டு வால்வ். டீசல் நேரே சிலிண்டருக்குள் விழாது, ஹெட்டில் (சிலிண்டரை மூடும் மேற்பகுதி) உள்ள சுழல் அறைக்குள் விழும். அதனால்தான் 22க்கு 1 அளவில் கொம்பிரஷனும் (காற்றை அமத்தும் அளவு), ஸ்ராட்டுக்கு முன் அந்த அறையைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கும் தேவை. 90 குதிரை வலுவை ஒட்டினது, அவ்வளவுதான். 14 பேரும் ஏசியும் ஏற்றத்தில் சேர்ந்தால் இரண்டாம் கியர் என்று மனதைத் தேற்றிக் கொள்ளுங்கோ. 2எல் என்றால் 2446 சீசீ, இன்னும் இளைப்பு. 5எல் 2986 சீசீ. மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே குடும்பம், மாற்றிப் பூட்டியிருப்பதும் சகஜம். புளொக்கில் குத்தின எழுத்தையும் நம்பரையும் சுத்தம் செய்து வாசித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கோ. ஒத்துப்போகாவிட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தம் செய்து தருவது விற்கிறவரின் பொறுப்பு. காசு கைமாறிய பிறகு ஒருவரும் செய்து தரமாட்டார்கள்.

காலை ஸ்ராட் பிரச்சினையை இரண்டாகப் பிரியுங்கோ.

பிடித்து உடனே நிற்பது காற்று இழுப்பதற்கான அடையாளம். இஞ்சினுக்கு டீசல் அடிக்கும் இன்ஜெக்ரர் பம்புக்குள் மிச்சம் இருந்த டீசலில் ஓடும், பிறகு குழாய்க்குள் புகுந்த காற்று வந்து சேர நிற்கும். முதல் சந்தேகம் டீசல் பில்ற்றருக்கு மேலுள்ள கைப்பம்ப். அதன் உள் ரபர் வெடித்தால் டீசல் வெளியே ஒழுகாது, ஆனால் இரவில் காற்று உள்ளே போய் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கும். இன்ஜெக்ரர் பம்புக்குப் போகும் ஹோஸில் அரை அடி தெளிந்த பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டி ஸ்ராட் பண்ணுங்கோ, குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நிறைய இடங்களில் இதற்கு இன்ஜெக்ரர் பம்பையே கழட்டச் சொல்வார்கள். கைப்பம்பை மாற்றாமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். பில்ற்றரின் அடியில் தண்ணீர் இறக்கும் குமிழும் உண்டு. அதைத் தளர்த்தி, சுத்த டீசல் வரும்வரை கைப்பம்பை அமத்துங்கோ.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். ஹீற்றர் பிளக் நாலையும் இணைக்கும் தகட்டைக் கழட்டி, ஒவ்வொன்றின் நுனிக்கும் பொடிக்கும் இடையே மீற்றர் வைத்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேணும். முள் அசையாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. புதுசு வாங்கும்போது பழையதின் தலையில் குத்தின வோல்ற்றைப் பாருங்கோ. குறைந்த வோல்ற் பிளக்கை 12 வோல்ற் அமைப்பில் மாட்டினால் நுனி உருகும். இந்த வெக்கையில் ஒரு பிளக் செத்தாலே ஸ்ராட் பண்ண முடியாமல் போகாது. நாலும் நல்லதாக இருந்தும் புகை என்றால் கொம்பிரஷன் பார்க்க வேணும்: நல்ல இஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 30 கிலோவுக்கு மேல் வரும், 20க்குக் கீழே கட்டவேண்டிய இஞ்சின், சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வால்வ் இடைவெளி இறுகிப்போனாலும் கொம்பிரஷன் குறையும். குளிர்ந்த இஞ்சினில் இன்லெற் 0.20 முதல் 0.30, எக்ஸோஸ்ற் 0.40 முதல் 0.50 மில்லிமீற்றர். சிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றித்தான் சரிசெய்ய வேணும், ஸ்குரூ கிடையாது. அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை.

டீசலைத் தெளிக்கும் நொசிலைக் கழட்டினால் (27 ஆழச் சொக்கற் வேணும்) அடியில் உள்ள வாஷர்களைப் பழையது போடவே கூடாது. வாயு கசிந்து நொசில் நுனி கருகும். கறுப்புப் புகை வந்தால் ஏயர் பில்ற்றரைக் கழட்டிப் பார்த்த பிறகுதான் நொசில், அதன் பிறகுதான் பம்ப். நீலப் புகை ஒயில். இறக்கத்தில் கால் எடுத்துவிட்டுத் திரும்ப அமத்தும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல், எப்போதும் வந்தால் ரிங். இஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துவாரத்தின் மேலேயே தலைகீழாக வையுங்கோ. மெல்ல ஆடினால் பரவாயில்லை, தள்ளி விழுத்தினால் ரிங் போயிட்டுது.

கன்னியா வெந்நீர்:

சூடு விஷயம் என் பாடம், பெயரே அப்படி.

தெர்மோஸ்டற் (தண்ணீர் சூடானதும் றேடியேற்றருக்கு வழி திறக்கும் வால்வ்) கழட்டின வண்டி சூடேறுவதில் ஆச்சரியமே இல்லை. இந்தத் தெர்மோஸ்டற் திறக்கும்போது அதன் அடித்தட்டு, றேடியேற்றருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், வெந்நீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் இஞ்சினுக்கே திரும்பும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் காட்டும். கடலோரத்திலிருந்து 1868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கு 14 பேரோடு ஏறப்போகிறீர்கள், ரம்பொடை வளைவுகளில் மெதுவாகத்தான் போகலாம், எதிர்க்காற்று கிடையாது. அங்கே முழுக்க ஃபேனும் றேடியேற்றரும்தான்.

ஆகவே தெர்மோஸ்டற் புதுசு, றேடியேற்றர் மூடி புதுசு. ஏசி கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் விரலை விடுங்கோ. மணலும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். முன்னிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் இறுகும், இஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்க வேணும். ஃபேனை இஞ்சினோடு இணைக்கும் கிளச்சைப் பார்க்க, இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டுக் கையால் சுற்றுங்கோ. தடித்த தேனில் சுற்றுவது போல் எதிர்க்க வேணும். காற்றாடி மாதிரிச் சுழன்றால் கிளச்சுக்குள் இருக்கும் சிலிக்கன் ஒயில் வடிந்துவிட்டது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதை ஊற்றி ஊற்றி றேடியேற்றர் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். கழட்டிச் சுத்தம் செய்தபின் கூலன்ற் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி.

பின் ஹீற்றர் உள்ள வண்டி என்றால் தரைக்கு அடியால் போகும் இரும்புப் பைப்புகளைப் பாருங்கோ, உப்பில் அவைதான் முதலில் ஊசித்துளை விடும். ஊர்க் குளிருக்கு ஹீற்றர் வேண்டாம் என்றால், இஞ்சின் அருகிலேயே ஹோஸை ஒழுங்காக இணைத்து அந்த வழியை அடைத்துவிடலாம்.

ஹெட் கஸ்கெற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதனை: குளிர்ந்த இஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணுங்கோ. ஒரு நிமிசத்துக்குள் தொடர்ந்து குமிழி வந்தாலோ, மூடியிருக்கும்போது றேடியேற்றரின் மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினாலோ வாயு தண்ணீருக்குள் போகுது. ஹெட் கழட்டினால் சமதளம் பார்க்காமல், வெடிப்பு சோதிக்காமல் திரும்பப் பூட்டவே வேண்டாம். கஸ்கெற் மூன்று தடிப்பில் வரும். பிஸ்ரன் புளொக்குக்கு மேலே எவ்வளவு எழும்புது என்று அளந்துதான் எடுக்க வேணும், கடையில் இருப்பதைக் கொண்டுவந்து போடுவதில்லை.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கையில் முள் ஏறி, திடீரென்று கீழே விழுந்தால் "ஆறிட்டுது" என்று சந்தோசப்பட வேண்டாம். தண்ணீர் போய் சென்சர் வெறும் ஆவியில் நிற்குது. அந்த நிமிசமே ஓரம் கட்டுங்கோ.

நிலாவெளி ஹயர்:

நன்றி அண்ணாமார். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றினது என்று அவருக்குத் தெரியாது. டாஷ்போர்டில் பெல்ற் லைற்றும் எரியவில்லை. நம்பலாமா? பிரேக் பெடல் கொஞ்சம் கடினமாகவும் இருக்கு.

டீசல் கணக்கு:

லைற்றை நம்ப வேண்டாம். அது பெல்ற்றைப் பார்ப்பதில்லை, ஒரு லட்சம் கிலோமீற்றரைத்தான் எண்ணுது. பல்பைக் கழட்டினாலும் எரியாது, மீற்றரைக் குறைத்தாலும் எரியாது. வாங்கின கிழமையே பெல்ற், அதை இறுக்கித் தாங்கும் ரென்ஷனர், ஐட்லர் உருளைகள், கேம் சீல், கிராங் சீல் எல்லாம் ஒன்றாக மாற்றுங்கோ. சீலில் ஒயில் கசிந்தால் புதுப் பெல்ற்றும் சீக்கிரம் கெடும். கேமைச் சுற்றும் இதே பெல்ற்தான் இன்ஜெக்ரர் பம்பையும் சுற்றுது. அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும்.

கடினப் பெடலுக்கு ஓல்ற்றனேற்றரின் (பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஜெனரேற்றர்) பின்பக்கம் பாருங்கோ. டீசலில், பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்ரருக்கு வெற்றிடம் தருவது அங்குள்ள சின்னப் பம்ப். அதற்கு இஞ்சின் ஒயில் குழாய் ஒன்று வரும். சீல் போனால் ஒயில் ஓல்ற்றனேற்றருக்குள் இறங்கி சார்ஜையும் கெடுக்கும். ஒரே கோளாறு, இரண்டு அறிகுறி.

ஸ்பனர் 27:

பின் அச்சுக்கு மேல் பாரத்துக்கேற்ப பிரேக் அழுத்தம் பிரிக்கும் வால்வ் இருக்கு, அதன் கம்பியையும் ஆட்டிப் பாருங்கோ. கறளில் இறுகினால் பின் பிரேக்குக்குப் போதிய அழுத்தம் வராமல் போகலாம். அப்போது கண்டி இறக்கத்தில் முன் டிஸ்க் இரண்டும்தான் கூட உழைத்துச் சூடேறும்.

நிலாவெளி ஹயர்:

நாளைக் காலை பார்க்கப் போறன். இரவில் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று அவருக்கு இப்பவே சொல்லி வைக்கவா?

ஸ்பனர் 27:

சொல்லாதேங்கோ. விடியப் போய், முன் சீற்றைத் தூக்கி வால்வ் கவரில் கை வையுங்கோ. இளஞ்சூடு இருந்தால் உங்களுக்கு முன்னமே ஒருக்கால் ஸ்ராட் பண்ணி வைத்திருக்கினம். அப்படியென்றால் பேசிவிட்டு வேறொரு நாள் போங்கோ. காந்தமும் கீழே படுக்க ஒரு காட்போட் மட்டையும் மறக்க வேண்டாம்.