குடும்பக் குழுவில் ஒரு திருமணக் கேள்வி

தம்பி: அனைவருக்கும் வணக்கம். என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று அடுத்த மாதம் அவளிடம் கேட்டுவிட முடிவு செய்திருக்கிறேன். நண்பர்கள் இருபது பேரை வரவழைத்து, இசைக்குழு வைத்து, எல்லார் முன்னிலையிலும் முழங்காலிட்டுக் கேட்பதாகத் திட்டம். தயங்காமல் கருத்துச் சொல்லுங்கள்.

அக்கா: தயங்காமலே சொல்கிறேன், இந்தத் திட்டத்தில் நீதான் தெரிகிறாய், அவளைக் காணவில்லை. அவளுடைய பிறந்தநாளன்று நாம் சூழ்ந்து நின்று கைதட்டியபோது, அவள் தலையைக் குனிந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததை நீ கவனிக்கவே இல்லையா? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மறுக்கவோ, யோசிக்க நேரம் கேட்கவோ யாருக்குத்தான் வாய் வரும்?

மாமா: அக்கா சொல்வது சரி, மாப்பிள்ளை. நாளும் இடமும் அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். திருமணப் பேச்சே அன்றுதான் முதன்முதலாக எழுகிறது என்று இருக்கக் கூடாது. குழந்தைகள், வேலைக்காக ஊர் மாறுவது, பெற்றோரைக் கவனிப்பது, கடன் ஆகியவற்றைப் பேசியாகிவிட்டதா?

தம்பி: கடனைத் தவிர எல்லாம் பேசிவிட்டோம் மாமா, அதையும் இந்த வாரமே பேசிவிடுகிறேன். மோதிர அளவுதான் தெரியாமல் விழிக்கிறேன்.

சித்தி: எந்த விரலில் போடப்போகிறாயோ அதே விரலில் அவள் வழக்கமாக அணியும் மோதிரம் கிடைத்தால், அதன் உள்விட்டத்தை அளந்து கொள், கண்ணா, உள்விட்டம் 17 மில்லிமீட்டர் என்றால் உட்சுற்றளவு ஏறத்தாழ 53.4 மில்லிமீட்டர். வெப்பத்தில் விரல் சற்றே பருக்கும், குளிரில் சுருங்கும் என்பதோடு, மோதிரம் விரல் கணுவையும் தாண்டியாக வேண்டும் என்பதால், சந்தேகம் வந்தால் இம்மியளவு பெரிதாகவே வாங்கு. வளையம் முழுக்கக் கல் பதித்ததை மட்டும் வாங்காதே, பின்னால் அளவு மாற்றுவது பெரும்பாடு.

அண்ணி: நீங்கள் இருவரும் காலையில் நடக்கப் போகும் ஏரிக்கரை போதாதா? மழை வந்தால் ஒதுங்க ஓர் இடத்தை மட்டும் முன்னதாகப் பார்த்து வையுங்கள்.

தம்பி: சரி அண்ணி, இசைக்குழுவை விட்டுவிடுகிறேன். என்ன பேசுவது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

சித்தி: இரண்டு பக்கமா! உங்கள் சித்தப்பா கால் மணி நேரம் பேசிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்க மறந்தே போனார். நான்தான் 'சம்மதம்' என்று சொல்லி அவரைக் கரையேற்றினேன்.

சித்தப்பா: நான் மறக்கவில்லை. அடுத்த வாக்கியம் அதுதான். அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

தம்பி: நான்கு வரியாகச் சுருக்கிவிடுகிறேன் சித்தி. அக்கா, வியாழக்கிழமை அவள் உன் வீட்டுக்கு வரும்போது மோதிரத்தை அளந்து தர முடியுமா?

அக்கா: கை கழுவும்போது கழற்றிக் குழாயடியில் வைப்பாள். அவள் கையைத் துடைத்து முடிப்பதற்குள் அளந்துவிடுகிறேன். அளவுகோலை இப்போதே எடுத்து வைக்கிறேன்.