மாற்கு 16-இல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

கடற்கரைச் சேகரம்:

பி.டி. என்னும் இறையியல் பட்டம் முடித்துவிட்டு உதவி குருவாக வந்திருக்கிறேன். ஈஸ்டர் கழிந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரமான 16-ஐ எடுத்தேன். வேதாகமத்தின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. கூட்டத்திலும் சுருக்கமாகத்தான் சொன்னேன். ஒன்பதிலிருந்து இருபது வரை பின்னால் சேர்ந்தது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள், இயேசுவின் கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடியதோடு மாற்கு நிறுத்தியிருந்தால் நமக்கு அது என்ன சொல்கிறது என்று யோசிப்போம், அவ்வளவுதான்.

வாசலோரம் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா குறுக்கிட்டார். "ஐயா, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயர் பதினாறாம் வசனத்தைத்தான் வாசித்தார். விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான். அதை நம்பித்தான் தகப்பன் வீட்டை விட்டு வந்தேன். அது பைபிளில் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

நான் வாய் திறக்கும் முன்பே சபை மூப்பர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தம் பைபிள் உறையின் ஜிப்பை இழுத்தார். ஒரு மூலையில் தொடங்கி மூன்று பக்கமும் சுற்றி, அவசரமே இல்லாமல். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உடனே யாரோ முடிவுப் பாட்டை எடுத்துவிட்டார்கள். பிறகு சுண்டல் வந்துவிட்டது.

நான் சொன்னதில் பிழையில்லை, நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெரியம்மாவுக்கு என்ன பதில் என்பதுதான் பிடிபடவில்லை. மாட்டியவர்கள் எழுதுங்கள்.

நூலக மூலை:

கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு சபையாவது கிடைத்திருக்கிறது. எபிரெயத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த எனக்குத் திருமண்டலம் (பேராயரின் நிர்வாக எல்லை) தந்தது மாணவியர் விடுதிக் காப்பாளர் வேலை. 2013-இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானபோது விடுதியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தோம். எனக்கான நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி, திருமணம் எப்போது என்பது.

என்னை உறுத்துவது அதுவல்ல. எங்கள் விடுதிப் பிள்ளை ஒருத்தியின் தாய் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவில் இருந்தார். ஒரு நாள் மாலை திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமுமான நற்கருணை, கேட்டார். குருப்பட்டம் பெறாத நான் கொடுக்க முடியாது. சேகர குரு, அதாவது எங்கள் சபை வட்டாரத்துக் குரு, வெளியூரில் கமிட்டிக் கூட்டத்தில். இதைச் சொன்னதும் அந்த அம்மா, "நான்கு வருடம் என்னதான் படித்தீர்கள் அம்மா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாத்திராகமம், கிரேக்க இலக்கணம், ஆலோசனைப் பணி என்று நான் வரிசையாகச் சொல்ல, கவனமாகக் கேட்டுக்கொண்டார். 121-ஆம் சங்கீதம் வாசித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அந்தக் குரு வந்தபோது அந்த அம்மாவால் விழுங்க முடியவில்லை. திராட்சரசத்தை மருந்துக் கரண்டியின் நுனியால் உதட்டில் தொட்டு வைத்தார். அப்பத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். படித்தவளாயிற்றே.

கடற்கரைக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து அலுப்போடு வந்தவர்களிடம் சுவடிகளை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டுமா?

எலியாவின் சால்வை:

நான் பெரிய கல்லூரி வாசலையே மிதித்தவனல்ல. ஊரில் ஒரு வேதாகமப் பள்ளி, இரண்டு ஆண்டு, அவ்வளவே. ஒரு முறை மதுரைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஓர் இறையியல் மாணவர் உட்கார்ந்தார். பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதை சரித்திரம் அல்ல, உவமை என்றார். ஆண்டவரே யோனாவைச் சொல்லியிருக்கிறாரே என்றேன். உவமையையும் சொல்லலாம் அல்லவா என்றார். எனக்கு மேலே பேசப் பிடிக்கவில்லை, டிக்கெட் எடுத்த இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். இது நடந்து எத்தனையோ காலமாகியும் அவர் சிரித்த சிரிப்பு போகவில்லை.

சகோதரருக்குச் சொல்கிறேன். கி.பி. 180 வாக்கில் எழுதிய சபைப் பிதா ஐரேனியஸ் மாற்கு 16:19-ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார். உங்கள் சுவடிகள் நான்காம் நூற்றாண்டு. எது பழையது? அதிகாலையில் எழுந்து முழங்காலில் நின்று வேதத்தை வாசியுங்கள். முதலில் வேதம், பிறகு ஜெபம், விளக்கவுரை கடைசியில். வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டும், ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். விசுவாசிகளிடம் கைமாற்று வாங்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பிரசங்கம் கூடாது, பந்தியில் சாம்பார் ஆறிவிடும், பழி உங்கள் மேல் விழும். ஆம்ப்ளிஃபையர் சொந்தமாக வாங்குங்கள்; வாடகை மைக் சங்கீதத்தின் நடுவில் ஊளையிடும். கணக்குப் புத்தகத்தை நீங்கள் எழுதாதீர்கள், ஒவ்வொரு மாதமும் சபையில் வாசிக்க மட்டும் சொல்லுங்கள். முக்கியமாக, சந்தேகத்தைப் பிரசங்க பீடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உபதேசியார் பேரன்:

சால்வை ஐயா, படிப்பு வேண்டாம் என்கிறீர்கள், ஐரேனியஸ் மட்டும் எங்கிருந்து வந்தார்? தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், 1716-இலேயே உள்ளூர் ஊழியர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார். 1733-இல் அங்கே குருப்பட்டம் பெற்ற ஆரோன், படிக்காமலா பெற்றார்? இந்த மண்ணில் சபையும் பள்ளியும் சேர்ந்தே வந்தவை.

ஆனால் கடற்கரை கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு சம்பவம் உண்டு. தாத்தா பனங்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியார், குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர். சேகர குரு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அவர் பிரசங்கத்தில் யாருக்கு எது புரியவில்லையோ, திங்கட்கிழமை தாத்தா சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கேட்பார். பின்னால் கேரியரில் நான். ஒரு வீட்டில் பனையேறும் மகன் விழுந்து இறந்து அதிக நாள் ஆகவில்லை. முந்தின நாள் பிரசங்கம் யோபு, கடைசி அதிகாரம், எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பிக் கிடைத்தது என்று. அந்த வீட்டுப் பெண் திண்ணையில் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே கேட்டார்: "ஆடுமாடு இரட்டிப்பானது சரி உபதேசியாரே. புதிதாகப் பத்துப் பிள்ளை பிறந்ததும் செத்த பத்தையும் யோபு மறந்துவிட்டானா?"

தாத்தா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "எழுதியிருக்கவில்லை, தாயே. எழுதினவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது" என்றார். அந்தப் பெண் பெட்டி முடைவதை நிறுத்தவில்லை, ஆனால் எங்களுக்குப் பதநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நான் பிறகு எத்தனையோ பேர் யோபுவைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியின் பக்கம் போனவர்கள் சிலரே.

மூன்றாம் ஆண்டு:

எனக்கு இன்னும் பட்டமே வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தலித் இறையியல் வகுப்பில், அதன் முன்னோடியான அர்விந்த் நிர்மல் 1981-இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்கினார்கள். உபாகமம் 26-இல் உள்ள இஸ்ரவேலரின் விடுதலைக் கதையைத் தலித்துகளின் கதையாக அவர் எப்படி வாசித்தார் என்பது அந்த வாரம் முழுக்க எங்கள் விடுதியில் பேச்சு. அதே வாரம் வார இறுதிப் பணிக்கு ஒரு கிராமச் சபைக்கு அனுப்பினார்கள். கலாத்தியர் 3:28 எடுத்தேன், யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை. எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் கோழிக்குழம்போடு சாப்பாடு போட்டார். பிறகு காலாற நடப்போம் என்று கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். நடுவில் ஒரு சுவர், இடுப்பு உயரம், அண்மையில் வெள்ளையடித்தது. இந்தப் பக்கம் சலவைக்கல், அந்தப் பக்கம் மண்மேடு. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும் வழியில், "தம்பி, கலாத்தியர் அருமையாக இருந்தது. அடுத்த முறை வேறு நிருபம் எடுங்கள்" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். பஸ் ஏற்றிவிடவும் வந்தார்.

எலியாவின் சால்வை:

கல்லறை உலகக் காரியம் தம்பி. இரட்சிப்பைப் பிரசங்கியுங்கள்.

மூன்றாம் ஆண்டு:

செத்தவர்கள் உயிர்த்தெழுவதை நீங்களும்தானே பிரசங்கிக்கிறீர்கள் ஐயா? எந்தப் பக்கத்திலிருந்து எழுவார்கள்?

ஓய்வுபெற்ற ஆயர்:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஐரேனியஸ் பற்றிச் சால்வை சொன்னது சரியான தகவல். ஆனால் அதிலிருந்து கிடைப்பது, அந்தப் பகுதி இரண்டாம் நூற்றாண்டிலேயே சபையில் வழங்கியது என்பதுதான். மாற்கு கையால் எழுதியது என்பதற்கு அது சாட்சியாகாது. பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் அது இல்லை என்று வேதத்தை லத்தீனில் பெயர்த்த எரோனிமுவும் எழுதியிருக்கிறார்.

தம்பி கடற்கரை, அந்த அம்மா கேட்டது எளிய கேள்வி: பைபிளில் இருக்கிறதா? இருக்கிறது அம்மா என்பதுதான் பதில், அதில் பொய்யும் இல்லை. எழுதியது யார் என்பது ஒரு விசாரணை. எதைத் திருச்சபை வேதமாக ஏற்று வாசித்து வருகிறது என்பது வேறு விசாரணை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை, அதற்காக யாராவது அதைப் பிரசங்கிக்காமல் விட்டார்களா? மேலும் அவருடைய ஞானஸ்நானம் அந்த ஒரு வசனத்தில் தொங்கவில்லை. மத்தேயு 28 இருக்கிறது, அப்போஸ்தலர் 2:38 இருக்கிறது, அதே புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பிய மந்திரி இருக்கிறார்.

நானும் இதே அதிகாரத்தில் மாட்டியவன்தான், வேறு வசனத்தில். பதினெட்டு: சர்ப்பங்களை எடுப்பார்கள். என் சேகரத்தில் ஒருவரைத் தோட்டத்தில் கட்டுவிரியன் கடித்துவிட்டது. மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அந்த வசனத்தை விரலால் காட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கால்மாட்டில் நின்று, இந்த வசனம் பழைய பிரதிகளில் இல்லை என்று சுவடிச் சரித்திரம் முழுவதையும் சொன்னேன். பிரதி ஆராய்ச்சி ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் வத்திக்கான் சுவடிக்கு வருவதற்குள் அவருடைய மாமனார் வந்து, ஆளை அப்படியே தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டார். பிழைத்துக்கொண்டார். பல ஆண்டு கழித்து என்னைப் பார்த்தபோது, "ஐயா, அந்தக் கதையின் மீதி என்ன?" என்று கேட்டார்.

நூலக மூலை:

ஆயர் ஐயா, மந்திரியைச் சொல்வதானால் 8:37-ஐ மட்டும் வாசிக்காதீர்கள். அதுவும் பழைய பிரதிகளில் இல்லை. பெரியம்மா கண்டுபிடித்துவிடுவார்.

கடற்கரைச் சேகரம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போய், இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டேன். "அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்டேன்" என்றார். நற்கருணை விஷயத்தில் நூலக மூலைக்கு நடந்ததைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே அடங்காது.

அவசரமாக ஒன்று. மூப்பர் ஆள் அனுப்பியிருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அவர் வீட்டிலாம், பாடத்தை அவரே தேர்ந்தெடுத்துவிட்டாராம்: யோனா, முதல் இரண்டு அதிகாரம். சால்வை ஐயா பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் நான் ஏறப்போகிறேன். மீனைப் பற்றிக் கேட்டால் என்ன சொன்னீர்கள், யாராவது வியாழனுக்குள் எழுதுங்கள்.