ரீப்ளே அட்டாக்: 'மறுகாட்டல் தாக்குதல்' பொருந்துமா?

வணக்கம்.

ஒருவர் கையொப்பமிட்ட செய்தியை நகலெடுத்து மீண்டும் பயன்படுத்தும் ரீப்ளே அட்டாக்குக்குத் தமிழில் 'மறுஒலிபரப்புத் தாக்குதல்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. ரீப்ளே என்றதும் பாட்டும் ஒலிநாடாவும் நினைவுக்கு வருகின்றன. இங்கே எதுவும் ஒலிப்பதில்லையே.

நடப்பதைப் பார்ப்போம். 2016 ஜூலை 20 அன்று, 19,20,000-ஆவது பிளாக்கில் (பரிவர்த்தனைப் பதிவுத் தொகுதியில்) எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயச் சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. மறுபக்கம் எத்தீரியம் கிளாசிக் ஆனது. பிரிந்த அந்த நொடியில் என் சாவி (கையொப்பமிட உதவும் ரகசிய எண்), முகவரி, இருப்பு எல்லாம் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும். எத்தீரியத்தில் அதன் நாணயமான ஈதரில் 10 அனுப்பக் கையொப்பமிடுகிறேன் என்று வையுங்கள். அதை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கிளாசிக்கில் போடலாம். கையொப்பம் என்னுடையதுதான், அதனால் அங்கேயும் செல்லும். அங்கிருக்கும் என் 10 ஈதரும் அதே முகவரிக்குப் போய்விடும். சாவி திருடுபோகவில்லை, கள்ளக் கையெழுத்தும் இல்லை. ஓரிடத்தில் காட்டிய சீட்டையே இன்னோரிடத்திலும் காட்டிவிட்டார்கள். ஆகவே 'மறுகாட்டல்'.

'மறுஅனுப்பல்' வேண்டாம். வலையமைப்பில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்புவதற்கு அந்தச் சொல் தேவை. ஒரே காசை இருமுறை செலவழிக்கும் 'இரட்டைச் செலவு' முற்றிலும் வேறு. அதில் காசு வைத்திருப்பவரே ஏமாற்றுகிறார், இதில் அவர் ஏமாறுகிறார்.

பதில்:

மறுகாட்டல் பிடித்திருக்கிறது. ஒருவரின் உள்நுழைவுத் தகவலை இடையில் நகலெடுத்துத் திரும்பக் காட்டி உள்ளே நுழையும் பழைய வலையமைப்புத் தாக்குதலுக்கும் பொருந்தும். சரி, இதிலிருந்து பாதுகாக்கும் ரீப்ளே புரொடெக்‌ஷனுக்கு 'மறுகாட்டல் தடுப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

தடுப்பு என்றால் நகலெடுப்பதையே தடுக்கிறார்கள் என்று தோன்றும். நகலெடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. எடுத்த நகல் மறுபக்கத்தில் செல்லாது, அவ்வளவுதான். 2016 நவம்பரில் எத்தீரியத்தில் வந்த ஈஐபி-155 என்ற விதிமாற்றம் செய்தது அதைத்தான். கையொப்பமிடும் தரவுக்குள்ளேயே, எந்தச் சங்கிலிக்கானது என்று காட்டும் சங்கிலி எண்ணும் சேரும். எத்தீரியத்துக்கு 1, கிளாசிக்குக்கு 61. 1 என்று ஒப்பமிட்டதை 61 ஏற்காது. ஆனால் எண் சேர்க்காமல் பழைய முறையில் ஒப்பமிட்டால் அதுவும் செல்லும், காப்பு மட்டும் கிடைக்காது. 2017 ஆகஸ்ட் 1-இல் பிட்காயினிலிருந்து பிரிந்த பிட்காயின் கேஷ், கையொப்ப முறையில் ஒரு புது அடையாளத்தைக் கட்டாயமாக்கிப் பிரியும்போதே இதைச் செய்துகொண்டது. எனவே 'மறுகாட்டல் காப்பு' என்பதே என் தேர்வு.

அப்புறம், சங்கிலி இப்படி இரண்டாகப் பிரிவதைச் சொல்லும் ஃபோர்க்குக்கு 'கிளை' வேண்டாமே. மென்பொருளில் பிராஞ்ச் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கவைக்கம்பில் இருக்கும் 'கவை' சும்மாதானே கிடக்கிறது? ஒரே தண்டு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'கவைக்குப் பிந்தைய மறுகாட்டல் காப்பு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.